எச். எம். எஸ். ஹெர்மீஸ் கப்பற்சிதைவு

எச். எம். எஸ். ஹெர்மீஸ் கப்பற்சிதைவு என்பது, இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கு அப்பால் சில கடல் மைல் தொலைவில், கடலடியில் கிடக்கும் பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பலின் எச்சம் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இக்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. கப்பலின் தலைவர் உட்பட 307 பேர் உயிரிழந்தனர்.

இச்சிதைவு 50 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் உள்ளது. பொழுதுபோக்குச் சுழியோடலுக்குப் பயிற்சி அமைப்புகள் விதித்துள்ள எல்லை 40 மீட்டர் ஆகும். எனவே தொழில்நுட்பச் சுழியோடல் எனப்படும் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்களே இங்கு இறங்க வேண்டும். இச்சிதைவு போரில் இறந்தவர்களின் கல்லறையாகவும் மதிக்கப்படுகிறது.

கப்பல்

தொடக்கத்திலிருந்தே விமானம் தாங்கிக் கப்பலாக வடிவமைக்கப்பட்டு, கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹெர்மீஸ் ஆகும். அதற்கு முன்னிருந்த தாங்கிக் கப்பல்கள், வேறு நோக்கங்களுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. ஹெர்மீசின் கட்டுமானம் 1918 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கியது. 1919 செப்டெம்பரில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. போர் முடிந்துவிட்டதாலும், வடிவமைப்பில் பல மாற்றங்கள் செய்யப்பட்டதாலும் பணிகள் நீண்டு, 1924 இலேயே அது கடற்படைச் சேவைக்கு வந்தது. பின்னர் தொடங்கப்பட்ட ஜப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே சேவைக்கு வந்துவிட்டதால், முதலில் நிறைவு பெற்ற கப்பல் என்ற பெருமை அதற்குச் சென்றது.

ஹெர்மீசின் நீளம் ஏறத்தாழ 183 மீட்டர். உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல். ஏறத்தாழ 20 விமானங்களை ஏற்றிச் செல்லக்கூடியது. ஆறு 5.5 அங்குலப் பீரங்கிகளையும் சில விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் கொண்டிருந்தது. பின்னாளில் கட்டப்பட்ட தாங்கிக் கப்பல்களோடு ஒப்பிடும்போது இது சிறியது. போருக்கு முந்திய ஆண்டுகளில் பெரும்பாலும் நடுநிலக் கடலிலும் சீனக் கடற்பகுதியிலும் பணியாற்றியது. 1940 ஜூலையில் இதன் விமானங்கள் டக்கார் துறைமுகத்திலிருந்த ரிஷலியூ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலைத் தாக்கின. அதன் பின்னர் ஹெர்மீஸ் இந்தியப் பெருங்கடலில் ஈடுபடுத்தப்பட்டது.

மூழ்கடிப்பு

1942 ஏப்ரலில் துணைத் தளபதி சூயிச்சி நகுமோ தலைமையிலான ஜப்பானியத் தாங்கிக் கப்பற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் இவரது படையே. ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. அதே நாளில் கோர்ன்வால், டோர்செட்சயர் ஆகிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

அப்போது ஹெர்மீஸ் திருகோணமலையில் இருந்தது. அடுத்த தாக்குதல் அங்கு நிகழும் என எச்சரிக்கை கிடைத்ததால், துறைமுகத்தில் சிக்காமல் இருக்கும்பொருட்டு ஏப்ரல் 8 ஆம் நாள் அது கடலுக்கு அனுப்பப்பட்டது. ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர் அதற்குத் துணையாகச் சென்றது. ஆனால் ஹெர்மீசின் விமானங்கள் தரையில், சீனன்குடா விமானத் தளத்தில் இருந்தன. விமானங்களுக்காகவே கட்டப்பட்ட கப்பல், தன்னைக் காக்கத் தன் தளத்தில் ஒரு விமானம்கூட இன்றிப் புறப்பட்டது.

ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. தெற்கு நோக்கிச் சென்றிருந்த ஹெர்மீஸ் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதனைக் கண்டது. 85 பாய்வுக் குண்டுவீச்சு விமானங்கள் அனுப்பப்பட்டன. காலை 10.35 மணியளவில் தாக்குதல் தொடங்கியது. செங்குத்தாகப் பாய்ந்து வந்த விமானங்களின் குண்டுகள் அடுத்தடுத்துத் தாக்கியதில், ஹெர்மீஸ் இருபது நிமிடங்களுக்குள் மூழ்கியது. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பிரித்தானியப் போர் விமானங்களால் அதனைக் காப்பாற்ற இயலவில்லை.

கப்பல் தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோவும் இறந்தவர்களுள் ஒருவர். வம்பயரும் சிறிது நேரத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அருகிலிருந்த வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் தாக்கப்படவில்லை. இரு கப்பல்களிலிருந்தும் தப்பி நீரில் மிதந்த ஏறத்தாழ 600 பேரை அது மீட்டுக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. அதே நாளில் ஹாலிஹாக் என்னும் சிறு போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகிய எண்ணெய்க் கப்பல்களும் இக்கரையோரத்திலேயே மூழ்கடிக்கப்பட்டன.

சிதைவின் நிலை

ஹெர்மீஸ் தன் இடப்பக்கமாகச் சாய்ந்து மணற்பாங்கான கடல்தரையில் கிடக்கிறது. கப்பலின் அகலம் 20 மீட்டருக்கு மேற்பட்டதாயினும், அது சாய்ந்தும் ஓரளவு நொறுங்கியும் இருப்பதால் அதன் மேற்பகுதியே 40 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில்தான் உள்ளது. பீரங்கிகளை இன்றும் அடையாளம் காணலாம்.

வெப்பமண்டலக் கடலில் இரும்பு விரைவாக அரிக்கப்படுகிறது. தகடுகளை இணைக்கும் தறையாணிகள் வலுவிழந்து, பெரிய பகுதிகள் தம் எடையாலேயே சரிந்து விழுகின்றன. ஆகவே முந்திய ஆண்டில் வழியாக இருந்த ஒரு திறப்பு அடுத்த ஆண்டில் அடைபட்டிருக்கலாம். பழைய வரைபடத்தை நம்பி உள்ளே நுழைவது ஆபத்தானது.

மறுபுறம், வெறும் மணற்பரப்பின் நடுவே எழுந்து நிற்கும் இரும்பு, கடலுயிர்களுக்குப் பாறைத்திட்டுப் போல் பயன்படுகிறது. முதலில் பாசிகளும் கடற்பஞ்சுகளும், பின்னர் மென்பவளங்களும் சவுக்குப் பவளங்களும் தகடுகளில் பற்றி வளர்கின்றன. அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களை நாடிக் கலவாய், பாரை முதலிய பெரிய மீன்களும் கூடுகின்றன.

சுழியோடல்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதாலும், ஆறுகளும் களப்புகளும் கொண்டுவரும் கலங்கல் நீராலும் சுழியோட இயலாது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இக்கடற்பகுதியில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னரே வெளியாரின் வருகை கூடியது.

நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 27 முதல் 29 பாகை செல்சியசு வரை இருக்கும். பார்வைத் தெளிவும் நல்ல நாட்களில் சிறப்பாக இருக்கும். குளிர்ந்த, இருண்ட கடலில் இறங்குபவர் தாமாகவே எச்சரிக்கையுடன் இருப்பர். வெதுவெதுப்பான தெளிந்த நீரோ ஆழத்தை மறக்கச் செய்கிறது. ஆனால் அழுத்தம் ஆழத்தையே பொறுத்தது, வெப்பநிலையை அல்ல. இச்சிதைவில் சுழியோடுவதன் இடர்களைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் கற்கும் வாயு விதிகளே போதுமானவை.

அழுத்தம்

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 1 வளிமண்டலம். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 1 வளிமண்டலம் கூடுகிறது. ஸ்கூபா கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. இல்லாவிடில் நெஞ்சை விரித்து மூச்சை இழுக்க இயலாது. ஆகவே ஆழம் கூடக் கூட, ஒரே அளவு மூச்சுக்குக் கூடுதல் காற்று செலவாகிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு:

* 10 மீட்டர்: அழுத்தம் 2 வளிமண்டலம், செலவு நிமிடத்துக்கு 40 லிட்டர்
* 30 மீட்டர்: அழுத்தம் 4 வளிமண்டலம், செலவு நிமிடத்துக்கு 80 லிட்டர்
* 40 மீட்டர்: அழுத்தம் 5 வளிமண்டலம், செலவு நிமிடத்துக்கு 100 லிட்டர்
* 50 மீட்டர்: அழுத்தம் 6 வளிமண்டலம், செலவு நிமிடத்துக்கு 120 லிட்டர்

பொதுவாகப் பயன்படும் 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில், 200 வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று அடங்கும். 50 மீட்டர் ஆழத்தில் இது 20 நிமிடங்களில் முழுதும் தீர்ந்துவிடும். இறங்கவும் ஏறவும் தேவைப்படும் காற்று இக்கணக்கில் சேரவில்லை. அச்சமோ நீரோட்டமோ மூச்சை இரட்டிப்பாக்கினால் காலம் பாதியாகிவிடும். ஒற்றைச் சிலிண்டருடன் இங்கு இறங்கலாகாது என்பதற்கு இக்கணக்கே போதிய காரணம் ஆகும்.

நைட்ரஜன் மயக்கம்

காற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. வாயுக் கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கேற்ற அழுத்தத்தைத் தருகிறது என்பது டால்ட்டன் விதி. அதன்படி 50 மீட்டரில் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 0.79 × 6 = 4.74 வளிமண்டலம் ஆகிறது. இந்நிலையில் நைட்ரஜன் மது அருந்தியது போன்ற மயக்கத்தைத் தருகிறது. ஏறத்தாழ 30 மீட்டர் முதலே இதன் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். ஆழமானியைப் பார்த்தும் எண்ணைப் புரிந்துகொள்ளாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், காரணமற்ற மகிழ்ச்சி அல்லது அச்சம் ஆகியன அவை. மேலே வந்தால் மயக்கம் நீங்கிவிடும். ஆனால் மேலே வரவேண்டும் என்று முடிவெடுக்கும் திறனையே அது குறைத்துவிடுகிறது என்பதுதான் இதன் ஆபத்து.

ஆக்சிஜன் நச்சுத்தன்மை

உயிர் காக்கும் ஆக்சிஜனும் அழுத்தம் மிகும்போது நஞ்சாகிறது. சுழியோடும்போது அதன் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டலாகாது என்பது பொதுவான விதி. மீறினால் முன்னறிவிப்பின்றி வலிப்பு ஏற்படலாம். நிலத்தில் வலிப்பு வந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நீருக்கடியிலோ வாயிலிருந்து மூச்சுக்குழாய் நழுவி அவர் மூழ்கிவிடுவார்.

சாதாரணக் காற்று இவ்வெல்லையை ஏறத்தாழ 56 மீட்டரில் அடைகிறது. நைட்ராக்ஸ் எனப்படும், ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்று ஆழங்குறைந்த சுழியோடலில் பயனுள்ளது. ஆனால் 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் 34 மீட்டருக்கு முன்னரே 1.4 என்ற எல்லையை எட்டிவிடும். ஹெர்மீசின் மேற்பகுதியைத் தொடுவதற்கு முன்னரே அக்கலவை ஆபத்தானதாகிவிடுகிறது. இதனாலேயே ஒவ்வொரு சிலிண்டரையும் அதைப் பயன்படுத்துபவரே சோதித்து, அதன் கலவையையும் உச்ச ஆழத்தையும் சிலிண்டரின் மேல் எழுத வேண்டும் என்பது கண்டிப்பான வழக்கமாக உள்ளது.

மூவாயுக் கலவை

மேற்கூறிய இரு சிக்கல்களுக்கும் தீர்வாக டிரைமிக்ஸ் எனப்படும் மூவாயுக் கலவை பயன்படுகிறது. இதில் ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாக ஹீலியம் சேர்க்கப்படுகிறது. ஹீலியம் மயக்கம் தருவதில்லை. அடர்த்தி குறைந்ததாகையால் மூச்சு விடுவதும் எளிதாகிறது.

எடுத்துக்காட்டாக, 18 விழுக்காடு ஆக்சிஜன், 45 விழுக்காடு ஹீலியம், 37 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட கலவையை 53 மீட்டரில், அதாவது 6.3 வளிமண்டலத்தில் சுவாசித்தால், ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.13 ஆகவும், நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 2.33 ஆகவும் இருக்கும். நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் இது சாதாரணக் காற்றுடன் 20 மீட்டரில் இருப்பதற்கு ஒப்பானது. ஹீலியம் விலை மிக்கது. வெளிவிடும் வாயுவைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் ரீபிரீதர் கருவிகளைச் சிலர் கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏறுதல்

ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹென்றி விதி. ஆழத்தில் தங்கியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நைட்ரஜனும் ஹீலியமும் குருதியிலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் எழுவது போல, கரைந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். இதுவே அழுத்தக்குறைப்பு நோய். மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை இதன் விளைவுகள் அமையும். இதற்கு மருத்துவம், அழுத்த அறையில் வைத்து நோயாளியின் உடலை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திப் படிப்படியாகக் குறைப்பதாகும்.

எனவே சுழியோடி குறித்த ஆழங்களில் நின்று நின்று ஏற வேண்டும். இந்நிறுத்தங்களில் கரைந்த வாயுவை விரைவாக வெளியேற்ற, 50 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவையை 21 மீட்டரிலிருந்தும், தூய ஆக்சிஜனை 6 மீட்டரிலிருந்தும் சுவாசிப்பது வழக்கம். ஓய்வு நிலையில் இருக்கும் இக்கட்டத்துக்கு மட்டும் 1.6 வளிமண்டலம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஹெர்மீஸ் கிடக்கும் ஆழத்தில் 25 நிமிடங்கள் தங்கினால், ஏறுவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலான நேரம் தேவைப்படும். அந்நேரத்தில் காற்றுத் தீர்ந்தாலும், முகமூடி உடைந்தாலும், சுழியோடி உடனே மேற்பரப்புக்கு வந்துவிட முடியாது. தலைக்கு மேல் தெளிந்த நீர்தான் இருக்கிறது. ஆயினும் அது மூடிய கூரைக்கு ஒப்பானது. எந்தச் சிக்கலையும் நீருக்கடியிலேயே தீர்க்க வேண்டும் என்பதே தொழில்நுட்பச் சுழியோடலின் அடிப்படை. ஒவ்வொரு முதன்மைக் கருவிக்கும் மாற்றுக் கருவி கொண்டுசெல்வது இதனாலேயே.

பிற இடர்கள்

* வலைகள்: சிதைவுகளில் மீன்கள் கூடுவதால் மீன்பிடி வலைகளும் தூண்டில் நரம்புகளும் அங்கு சிக்கிக் கைவிடப்படுகின்றன. மெல்லிய நைலோன் நரம்பு நீரில் கண்ணுக்குத் தெரியாது. சுழியோடிகள் குறைந்தது இரண்டு வெட்டுக் கருவிகளை வைத்திருப்பர்.
* நீரோட்டம்: திறந்த கடலாகையால் நீரோட்டம் வலுவாக இருக்கலாம். நங்கூரமிட்ட கயிற்றைப் பற்றி இறங்குவதும் ஏறுவதும் பாதுகாப்பானது. கயிற்றைத் தவறவிட்டவர், தம் இடத்தைப் படகுக்கு உணர்த்த வண்ண மிதவை ஒன்றை மேலே அனுப்புவார்.
* உள்நுழைதல்: கப்பலினுள் பல பத்தாண்டுகளாகப் படிந்த துருவும் சேறும், வெளிவிடும் மூச்சின் குமிழிகள் பட்டாலே கலைந்து பார்வையை முற்றிலும் மறைக்கும். பயிற்சியும் வழிகாட்டும் நூலும் இன்றி நுழையலாகாது. உள்ளே செல்வோர் தம் காற்றில் மூன்றில் ஒரு பங்கைச் செல்வதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும், ஒரு பங்கை அவசரத்துக்கும் ஒதுக்குவர்.
* வெடிபொருட்கள்: போர்க்கப்பற் சிதைவுகளில் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம். நீரில் நெடுங்காலம் கிடந்ததால் அவை செயலிழந்துவிட்டன எனக் கொள்ள முடியாது.

அருகிலுள்ள சிதைவுகள்

அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல், கல்குடாவுக்கு அருகே ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. போதிய பயிற்சி பெற்ற பொழுதுபோக்குச் சுழியோடிகள் சாதாரணக் காற்றுடனேயே இதனைப் பார்க்கலாம். ஒரே நாளில், ஒரே படையால், ஒரே கரையோரத்தில் மூழ்கடிக்கப்பட்ட இவ்விரு கப்பல்களையும் சுழியோடிகள் அணுகும் முறை முற்றிலும் வேறுபடுகிறது. அதற்குக் காரணம் இடையிலுள்ள ஏறத்தாழ 25 மீட்டர் ஆழ வேறுபாடே.

போர்க் கல்லறை

மூழ்கிய போர்க்கப்பல், எந்த நாட்டின் கடலில் கிடந்தாலும், அதன் கொடிக்குரிய நாட்டின் உடைமையாகவே தொடர்கிறது என்பது பிரித்தானியா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் நிலைப்பாடு. கடலில் உடல் கிடைக்காது போன பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய இடங்களிலுள்ள நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுக்கு வேறு கல்லறை இல்லை.

நீரடிப் பண்பாட்டு மரபைப் பாதுகாப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டு 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 100 ஆண்டுகள் நீரடியில் இருந்த எச்சங்களுக்கே அது பொருந்தும். ஹெர்மீஸ் அவ்வெல்லையை 2042 இல் எட்டும். ஐக்கிய இராச்சியம் 2001 ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாது ஒதுங்கியது. எனினும், எச்சங்களை இருந்த இடத்திலேயே பாதுகாக்க வேண்டும் என்ற அதன் பின்னிணைப்பு விதிகளைச் சிறந்த நடைமுறையாக ஏற்றுக்கொண்டுள்ளது.

பாதுகாப்பு இன்மையின் விளைவுக்கு ஜாவாக் கடல் எடுத்துக்காட்டு ஆகும். ஹெர்மீசுக்குச் சில வாரங்கள் முன்னதாக அங்கு மூழ்கிய டச்சு, பிரித்தானியப் போர்க்கப்பல்களை 2016 இல் ஆய்வாளர்கள் தேடியபோது, டி ரைட்டர், ஜாவா ஆகியன முழுமையாகவும், எக்சிட்டர் ஏறத்தாழ முழுமையாகவும் மறைந்திருந்தன. கடல்தரையில் அவை கிடந்த பள்ளங்களே எஞ்சின. பழைய இரும்பு, செப்பு, வெண்கலம் ஆகியவற்றுக்காக அவை சட்டத்துக்குப் புறம்பாக அகற்றப்பட்டன. அவற்றோடு, அவற்றினுள் இறந்தவர்களின் எச்சங்களும் போயின. 2023 இல் மலேசியாவுக்கு அப்பால் கிடக்கும் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய கப்பல்களும் இவ்வாறு சூறையாடப்பட்டமை தெரியவந்தது.

ஆழமும் திறந்த கடலும் ஹெர்மீசுக்கு ஓரளவு காவலாக உள்ளன. எனினும் ஜாவாக் கடலில் ஆழம் காவலாகவில்லை. பார்க்கலாம், படம் எடுக்கலாம், எதனையும் தொடவோ எடுக்கவோ கூடாது என்பதே போர்க்கப்பற் சிதைவுகளில் சுழியோடுவோர் பின்பற்ற வேண்டிய நெறியாகும்.

இவற்றையும் பார்க்க

* விமானம் தாங்கிக் கப்பல்
* இந்தியப் பெருங்கடல் தாக்குதல், 1942
* அழுத்தக்குறைப்பு நோய்
* டால்ட்டனின் பகுதி அழுத்த விதி
* மட்டக்களப்பு